ரேடார் டிடெக்டரில் தொடங்கி ஜிபிஎஸ் பஸ்ஸரில் முடிந்த வேலை

போன வியாழக்கிழமையோடு ஏழு மாதம் ஆகிறது, என் ஆல்ட்டோவுக்கு ஒரு சலான்கூட வரவில்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறேன். நடுவில் எழுதியிருந்தால் பாதியைத் தப்பாக எழுதியிருப்பேன்.

நான் இருப்பது கோத்தகிரியில். அப்பாவின் கண் சிகிச்சைக்காக இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை கோயம்புத்தூர் போய்வர வேண்டும், காலை ஒன்பதுக்குள் டோக்கன் போட்டால்தான் மத்தியானம் திரும்ப முடியும். அரவேணு, குஞ்சப்பனை வழியாக மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர். இந்த 33-ஐயும் காய்கறி லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து கடந்துவிட்டு, கீழே நேர் ரோட்டைக் கண்டதும் விட்ட நேரத்தைப் பிடிக்கக் கால் தானாக அழுத்தும். அப்படித்தான் முதல் சலான் வந்தது. பலகையில் 50, நான் போனது 71. நாலு நாள் கழித்து போனுக்கு எஸ்எம்எஸ், அரசின் பரிவாகன் தளத்தில் திறந்து பார்த்தால் என் நம்பர் பிளேட்டின் படமும் அதற்குக் கீழே வேகமும். காருக்கு 1,000 ரூபாய். அங்கே யாரும் நின்றதை நான் பார்க்கவே இல்லை, அதுதான் என்னை உறுத்தியது. எங்கே நிற்கிறார்கள் என்று முன்னாலேயே தெரிந்தால் போதும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு தப்பு என்று புரிய 7,000 ரூபாய்க்கு மேல் செலவாயிற்று.

அக்கா வீட்டு மச்சான் அமெரிக்காவில் வேலை பார்த்தவர். மேரிலாந்தில் இருந்தபோது ஒரு ரேடார் டிடெக்டர் வாங்கியிருக்கிறார், அப்புறம் வேலை வர்ஜீனியாவுக்கு மாறியது. அங்கே காரில் இதை வைத்து ஓட்டுவதே சட்டப்படி குற்றம், பக்கத்தில் வாஷிங்டன் டிசியிலும் அப்படித்தான். அதனால் பெட்டியிலேயே கிடந்து ஊருக்கு வந்தது. "சும்மாவே எடுத்துக்கோ மாப்ளே" என்றார். நான் கேட்காமல் 6,500 ரூபாய் கொடுத்துத்தான் வாங்கினேன்.

டிடெக்டர் என்பது ஒரு ரேடியோ பெட்டி, அவ்வளவுதான். போலீஸ் கையிலுள்ள ரேடார் கன் அனுப்பும் அலையை முன்கூட்டியே பிடித்துக் கத்தும். அந்த அலைகளை பேண்டு (அலைவரிசை) என்று பிரிப்பார்கள்: எக்ஸ் பேண்டு 10.525 கிகாஹெர்ட்ஸ், கே பேண்டு 24.15, கேஏ பேண்டு 33.4 முதல் 36 வரை. இவை தவிர லேசருக்கென்று முன்பக்கம் ஒரு சின்னக் கண் இருக்கும். வாங்க நினைப்பவர்கள் பெட்டியில் இந்த நாலும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், நானும் அதைத்தான் பார்த்தேன். எத்தனை பேண்டு என்பதைவிட, நாம் போகும் ரோட்டில் எதை வைத்து அளக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும்.

முதலில் பெட்டி வேலை செய்கிறதா என்று சோதிக்க இரண்டு சின்ன மாட்யூல் வரவழைத்தேன். ஆள் நடமாட்டத்தை உணரும் சென்சாருக்குப் பயன்படுபவை: 10.525 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் எச்பி100 (290 ரூபாய்), 24 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் சிடிஎம்324 (540 ரூபாய்). இரண்டுக்கும் 5 வோல்ட் கொடுத்தால் போதும், ஒரு பவர் பேங்கிலேயே ஓடும். இரவு எட்டு மணிக்கு மேல் வீட்டுக்குக் கீழே தேயிலைத் தோட்டத்தை ஒட்டிப் போகும் ரோட்டில், சிடிஎம்324-ஐ ஒரு ஸ்டூல்மேல் வைத்துவிட்டு டிடெக்டரைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். ரோடு நேராக இருந்த 180 மீட்டரும் விடாமல் கத்தியது, பெட்டி நல்ல பெட்டிதான். வளைவு திரும்பி மண்மேடு மறைத்தது, இருபது அடிக்குள் சத்தம் நின்றுவிட்டது. மறுபடி முன்னால் வந்தால் கத்தியது, பின்னால் போனால் நின்றது. மலை ரோட்டில் 180 மீட்டர் நேராகக் கிடைக்கும் இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சமவெளியில் சரியாக இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சமவெளியில் அது கத்தியது உண்மை. மேட்டுப்பாளையத்தில் ஆரம்பித்து கோயம்புத்தூர் வரை, தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு வைத்த ஒவ்வொரு ஜவுளிக் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கத்தியது. அந்தக் கதவுகளின் சென்சாரும் அதே 24 கிகாஹெர்ட்ஸ்தான். பக்கவாட்டு எச்சரிக்கை ரேடார் உள்ள புதுக் கார் ஒன்று பின்னாலேயே வந்தபோது ஆறு கிலோமீட்டர் நிற்கவே இல்லை. இரண்டாவது பயணத்திலேயே நான் சத்தத்தைப் பொருட்படுத்தாமல் ஓட்டப் பழகிவிட்டேன்.

மூன்றாவது பயணத்தில் இரண்டாவது சலான், 68. டிடெக்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது, முக்காலியில் கருவி வைத்து நின்றவர்களை நானே கண்ணால் பார்த்தேன். பார்த்த நொடியில்தான் பெட்டி "லேசர்" என்று காட்டியது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

ஏன் அப்படி என்று, போக்குவரத்துப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் போய்க் கேட்டேன். "நாங்க வண்டிய எங்க பாத்தோம்? நம்பர் பிளேட்டத்தான் குறி வெப்போம்" என்றார். கையடக்க ரேடார் கன்னின் கற்றை 12 டிகிரி அளவுக்கு விரிந்து போகும், 300 மீட்டர் தள்ளி 60 மீட்டருக்கு மேல் பரவியிருக்கும். முன்னால் போகிற பத்து வண்டிக்கு அடித்தது நம் பெட்டிக்கும் கேட்கும். லேசர் கன் அப்படி இல்லை. கண்ணுக்குத் தெரியாத 904 நானோமீட்டர் ஒளி, அதே 300 மீட்டரில் ஒரு மீட்டர் அகலம்கூட வராது. நம் பிளேட்டைக் குறிவைத்தால் கண்ணாடியில் ஒட்டிய டிடெக்டரில் படாமலே போகலாம். பட்டாலும் அரை நொடிக்குள் வேகத்தைப் படித்து முடித்துவிடும், நம் கால் பிரேக்குக்குப் போக அதைவிட அதிக நேரம் ஆகும். இது தவிர கம்பத்தில் நிற்கும் கேமராக்களில் சில, இரண்டு இடத்தில் பிளேட்டைப் படம் எடுத்து இடைப்பட்ட நேரத்தை வைத்துச் சராசரி வேகத்தைக் கணக்குப் போடுபவை. அவை நம்மை நோக்கி எந்த அலையும் அனுப்புவதில்லை, எந்த விலை டிடெக்டரும் அங்கே ஒன்றும் செய்யாது.

டிடெக்டரைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன். அன்று திரும்பி வரும்போது அப்பா கேட்ட ஒரு கேள்விதான் வேலையைத் திருப்பியது: "அவங்க எங்க நிக்கறாங்கன்னு பாக்கறயே, நீ எவ்வளவுல போறன்னு பாத்தியா?" பார்க்கவில்லை. 71-லும் 68-லும் போனேன் என்பதே சலானைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். 2019 ஜூலை முதல் தேதிக்குப் பிறகு தயாரான கார்களில் 80-ஐத் தாண்டினால் விட்டுவிட்டும் 120-ஐத் தாண்டினால் தொடர்ந்தும் ஒலிக்கும் எச்சரிக்கையைக் கட்டாயமாக்கினார்கள். என்னுடையது 2015 வண்டி, அது இல்லை. இருந்திருந்தாலும் 30, 40, 50 என்று பலகை மாறுகிற இந்த ரோட்டில் 80-க்கு ஒலிக்கிற மணியால் என்ன பயன்? எனக்கு வேண்டியது, நான் இருக்கும் இடத்தின் வரம்பைத் தெரிந்துகொண்டு அதைத் தாண்டும்போது கத்துகிற பெட்டி.

பாகங்கள்: நிரல் எழுதி ஓட்டும் சின்னக் கம்ப்யூட்டர் போர்டான ஆர்டுயினோ நானோ (லோக்கல் காப்பி) 260, நியோ-6எம் ஜிபிஎஸ் மாட்யூல் 380, 0.96 அங்குல ஓஎல்இடி திரை 220, 12 வோல்ட்டை 5 ஆக்கும் எம்பி1584 மாட்யூல் 70, 5 வோல்ட் பஸ்ஸர், ஒரு பிசி547 டிரான்சிஸ்டர், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், சுவிட்ச், ஒயர் எல்லாம் சேர்த்து 60. 25 வாட் சாலிடரிங் அயர்னும் மல்டிமீட்டரும் ஏற்கெனவே இருந்தன. மூடி போட்ட பழைய சோப்பு டப்பாதான் உறை. ஜிபிஎஸ்ஸின் டிஎக்ஸ் (தகவல் அனுப்பும்) கால் நானோவின் 4-ஆம் காலுக்கு, பஸ்ஸர் டிரான்சிஸ்டர் வழியாக 6-க்கு. மேஜைமேல் ஒரே மாலையில் வேலை செய்தது. ஜிபிஎஸ் வேகத்தை நாட் (knot, மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் கொடுக்கும், 1.852-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர்.

காரில் வைத்ததும் செத்துப்போனது. முதலில் எம்பி1584-ஐ இணைக்கச் சோம்பல்பட்டு, சிகரெட் லைட்டர் துளையில் போடும் 150 ரூபாய் யுஎஸ்பி சார்ஜரில் செருகியிருந்தேன். ஒரு சாட்டிலைட்கூடக் கிடைக்கவில்லை. மாட்யூல் போய்விட்டது என்று வெளியே எடுத்துத் திண்ணையில் வைத்தால் நாற்பது நொடியில் எட்டு சாட்டிலைட். மறுபடி காருக்குள் வைத்தால் பூஜ்யம். கண்ணாடியா, கூரையா என்று இரண்டு மாலை வீணாயின. கடைசியில் போன் சார்ஜ் போட டேஷ் கேமரா ஒயரைப் பிடுங்கியபோது பட்டென்று பிடித்தது. மலிவு சார்ஜரும் டேஷ் கேமராவும் கிளப்பும் இரைச்சலில் அந்த மெல்லிய சிக்னல் மூழ்கிப்போகிறது. ஃபியூஸ் பெட்டியில் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஒரு துளையில் 2 ஆம்ப் ஃபியூஸ் வைத்துத் தனி ஒயர் எடுத்தேன் (80 ரூபாய்), எம்பி1584-ஐ 5.0 வோல்ட்டுக்குத் திருகி வைத்தேன், ஆன்டெனாவை டேஷ்போர்டின் இடது ஓரத்தில் கேமராவிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி ஒட்டினேன். அதன் பிறகு அந்தத் தொல்லை இல்லை. எம்பி1584-ஐ இணைக்கும் முன் மல்டிமீட்டர் வைத்துத் திருகிவிடுங்கள், எனக்கு வந்தது பெட்டியிலிருந்து எடுத்தபோது 9 வோல்ட்டுக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தது.

அடுத்த பிரச்சினை, நொடிக்கு ஒரு முறைதான் வேகம் வருகிறது. இறக்கத்தில் ஒரு நொடியில் நிறைய மாறிவிடும். நொடிக்கு ஐந்து முறை அனுப்பச் சொல்லி மாட்யூலுக்குக் கட்டளை கொடுத்தேன், உடனே எண்கள் கன்னாபின்னாவென்று ஆகிவிட்டன. மாட்யூல் நானோவுக்குத் தகவல் அனுப்பும் 9600 பிட் வேகத்தில் நொடிக்கு 960 எழுத்துதான் போக முடியும். மாட்யூல் ஒரு தடவைக்குப் பல வரி சேர்த்துக் கிட்டத்தட்ட 480 எழுத்து அனுப்புகிறது, ஐந்து தடவை என்றால் 2,400. ஆர்எம்சி என்கிற ஒரு வரியைத் தவிர மற்றதையெல்லாம் நிறுத்தச் சொன்னதும் சரியாகிவிட்டது, வேகம், இடம், திசை மூன்றும் அந்த ஒரு வரியிலேயே இருக்கின்றன. மாட்யூலுக்குக் கட்டளை அனுப்பும் ஒயரில் மட்டும் 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் போட்டு 5 வோல்ட்டை 3.3 ஆகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

திரை 220 ரூபாய் நஷ்டம். நானோவில் இருப்பது 2,048 பைட் ராம் (தற்காலிக நினைவகம்), அந்த ஓஎல்இடியை இயக்கும் நிரல் தொகுப்பு படம் வரைய மட்டும் 1,024-ஐப் பிடித்துக்கொள்கிறது. வரம்புப் பட்டியலைச் சேர்த்ததும் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தானாக ரீசெட் ஆயிற்று. அதோடு எழுத்து சின்னது, படிக்கக் குனிய வேண்டும், மலை ரோட்டில் அது ஆபத்து. டிஎம்1637 என்கிற நாலு இலக்கச் சிவப்பு டிஸ்ப்ளே 110 ரூபாய்க்கு வாங்கிப் போட்டேன். இடது பக்கம் வரம்பு, வலது பக்கம் என் வேகம், ஓரக்கண்ணால் பார்த்தாலே தெரிகிறது. மாலை ஆறுக்கு மேல் வெளிச்சத்தைக் குறைக்கும்படி நேரத்தை ஜிபிஎஸ்ஸிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. பனிமூட்டத்தில் அது குறையவில்லை என்றால் கண்ணாடியில் சிவப்பாகப் பிரதிபலித்து ரோடே தெரியாது.

அதிக நாள் எடுத்தது வரம்புப் பட்டியல்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சானை வண்டி ஓட்டச் சொல்லிவிட்டு, கோத்தகிரியில் ஆரம்பித்து மேட்டுப்பாளையம் தாண்டும் வரை ஒவ்வொரு வேகப் பலகையிலும் இறங்கி இடத்தைக் குறித்தேன், அப்புறம் திரும்பி ஏறும்போது அந்தப் பக்கத்துப் பலகைகளை. ஏறும் பக்கமும் இறங்கும் பக்கமும் பலகை ஒரே இடத்தில் இல்லை. மொத்தம் 23 புள்ளிகள். நிரல் எளிது: ஒரு புள்ளிக்கு 100 மீட்டருக்குள் வந்தால் அந்த வரம்பை எடுத்துக்கொள்.

கொண்டை ஊசி வளைவு அதைக் கெடுத்துவிட்டது. மேல் ரோட்டில் போகும்போதே கீழ் ரோட்டுப் பலகையின் வரம்பை எடுத்துக்கொண்டு 30 இருக்க வேண்டிய இடத்தில் 40 என்று காட்டியது. சில இடங்களில் மேல் ரோட்டுக்கும் கீழ் ரோட்டுக்கும் நேர்த்தொலைவு 35 மீட்டர்தான், ஆனால் ரோட்டோடு போனால் அரைக் கிலோமீட்டர். 100-ஐ 30 மீட்டராகக் குறைத்தேன், அப்போது மரம் அடர்ந்த இடங்களில் புள்ளியைத் தவறவே விட்டது. உயரத்தை வைத்துப் பிரிக்கலாம் என்று முயன்றேன், நின்ற இடத்திலேயே உயரம் இருபது மீட்டர் ஏறி இறங்குகிறது, மேல் ரோட்டுக்கும் கீழ் ரோட்டுக்கும் வித்தியாசமே அதைவிடக் குறைவு. மூன்று வாரம் இதிலேயே போயிற்று.

தீர்வு ஒரு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது வந்தது. குஞ்சப்பனைக்கு முன்னால் எந்த நிறுத்தம், பின்னால் எந்த நிறுத்தம் என்று கண்டக்டருக்கு வரிசை தெரியும், மேல் ரோட்டில் இருக்கும்போது கீழ் ரோட்டு நிறுத்தத்துக்கு அவர் விசில் அடிக்க மாட்டார். பெட்டிக்கும் அதையே சொன்னேன்: இப்போது 7-ஆம் புள்ளியில் இருந்தால் அடுத்தது 8 மட்டும்தான், வேறு எதையும் பார்க்காதே. வண்டியைத் திருப்பினால் திசையை வைத்து மற்ற பக்கத்துப் பட்டியலுக்கு மாறும். நடுவழியில் சாவி போட்டு எழுப்பினால் மட்டும், 150 மீட்டருக்குள் உள்ள புள்ளிகளில் வண்டி போகும் திசையோடு 45 டிகிரிக்குள் ஒத்துப்போவதைத் தேர்ந்தெடுக்கும். இதன் பிறகு ஒரு முறைகூடத் தப்பான வரம்பு காட்டவில்லை.

பஸ்ஸரையும் இரண்டு முறை மாற்றினேன். முதலில் வரம்பைத் தொட்டதும் ஒலிக்கும்படி வைத்ததில் 39, 40, 41 என்று ஆடும்போதெல்லாம் கீச் கீச் என்றது, அப்பா "இத நிறுத்துடா, தல வலிக்குது" என்றுவிட்டார். இப்போது வரம்பைவிட 1 கூடினால் தொடங்கும், வரம்புக்கு 2 கீழே வந்தால்தான் நிற்கும். அந்த மூன்று கிலோமீட்டர் இடைவெளியில் எல்லாம் அமைதியாகிவிட்டது.

எண் சரிதானா என்று கிலோமீட்டர் கல்லை வைத்துப் பார்த்தேன். காரமடைப் பக்கம் காலை ஆறு மணிக்கு, பெட்டியில் 45 காட்டும்படி நிலையாகப் பிடித்து, ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு ஸ்டாப்வாட்ச். 80 நொடி வர வேண்டும். ஒரே கல்லை நம்பக்கூடாது, சில கற்கள் தள்ளி நடப்பட்டிருக்கும். ஐந்து கல்லின் சராசரி 80.6. அதே நேரம் வண்டியின் ஸ்பீடாமீட்டர் 49 காட்டியது. ஸ்பீடாமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக்கூடாது என்பதால் கம்பெனியிலேயே கொஞ்சம் கூட்டித்தான் வைப்பார்கள். டயர் தேய்ந்தால் இன்னும் கூடும்: என் 145/80 ஆர்12 டயரில் 5 மில்லிமீட்டர் தேய்ந்தால் ஏறக்குறைய 2 சதவீதம்.

மலையில் நான் எதிர்பார்க்காத இன்னொன்று நடந்தது. இறக்கத்தில் மூன்றாவது கியரில் விட்டுவிட்டு பிரேக்கிலேயே வருவது என் பழக்கம். பெட்டி வைத்த பிறகு ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் 30-க்கு மேல் கத்தியது, பிரேக்கை அமுக்கி அமுக்கிக் கீழே போவதற்குள் சக்கரத்தில் கருகிய வாசனை. ஏறும்போது போடுகிற கியரில்தான் இறங்க வேண்டும் என்று டிரைவிங் கற்றுக்கொடுத்தவர் சொன்னது அப்போதுதான் உறைத்தது. இப்போது இரண்டாவது கியரில் விட்டால் வண்டி தானாக 28, 29-இல் நிற்கிறது, பிரேக்கைத் தொடுவது வளைவில் மட்டும்தான். பழைய நாட்களில் வீட்டிலிருந்து மேட்டுப்பாளையம் ரயில்வே ஸ்டேஷன் வரை ஒரு மணி ஐந்து நிமிடம் ஆகும், இப்போது ஒரு மணி ஒன்பது. நாலு நிமிடம் முன்னால் கிளம்புகிறோம். பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனைப் பக்கம் யானை ரோட்டுக்கு வரும், இந்த ஜூனில் ஒரு வளைவு திரும்பியதும் இரண்டு நின்றன. 29-இல் வந்ததால் நிதானமாக நிறுத்திப் பின்னால் எடுக்க முடிந்தது. முன்பு அந்த வளைவை நான் 45-இல் திரும்பியிருப்பேன்.

பெட்டிக்கு ஆன செலவு, வீணான திரையை விட்டுவிட்டால் 960 ரூபாய். டிடெக்டருக்கும் அதைச் சோதித்த மாட்யூல்களுக்கும் 7,330, இரண்டு சலானுக்கு 2,000. டிடெக்டரை இருவர் விலைக்குக் கேட்டார்கள், கொடுக்கவில்லை.

அடுத்த முறை செய்தால் நானோவுக்குப் பதில் ஈஎஸ்பி32 போடுவேன், ராம் தொல்லையும் ஐந்து முறை தொல்லையும் அதில் இருக்காது. நியோ-6எம்முக்குப் பதில் எம்8என், அது ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் குளோனாஸையும் சேர்த்துப் பிடிப்பதால் மரத்தடியில் நன்றாக நிற்கும். சோப்பு டப்பாவில் நவம்பர் பனியில் உள்ளே நீர் கோத்து ஒரு சாலிடர் பச்சை பிடித்துவிட்டது, துடைத்துவிட்டு எல்லாச் சாலிடர் மேலும் அக்காவின் நகப்பூச்சை இரண்டு கோட் அடித்தேன், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றும் போட்டேன். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை.

இன்னும் சரியாகாதது ஒன்று இருக்கிறது. பாறையை வெட்டிப் போட்ட ஒரு இடத்தில் பத்து, பன்னிரண்டு நொடி சிக்னல் போய்விடுகிறது. முதலில் அந்த நேரத்தில் பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருந்தது, அது மோசம், நான் 38-இல் போகும்போது 27 என்று நம்ப வைத்தது. இப்போது இரண்டு நொடிக்கு மேல் புது எண் வரவில்லை என்றால் எண்ணை எடுத்துவிட்டு நாலு கோடு காட்டும்படி மாற்றியிருக்கிறேன். சக்கர வேகத்தைக் காரின் ஓபிடி சாக்கெட்டிலிருந்து (மெக்கானிக் கோளாறு பார்க்கக் கருவியைச் செருகும் இடம்) எடுத்து அந்தப் பன்னிரண்டு நொடியை நிரப்ப முடியுமா என்று பார்க்கிறேன், ஒயர் வந்துவிட்டது, இந்த ஞாயிற்றுக்கிழமை மழை இல்லாவிட்டால் பிரித்து உட்கார வேண்டும்.